மருந்தில் சிக்கனம்

ஆஸ்பத்திரிச் செலவைக் குறைக்க வேண்டும் என்று யார் பேசினாலும் நமக்குச் சந்தேகம் வருகிறது. காரணம் உண்டு. முதலில் வெட்டு விழுவது நம் மாத்திரையில்தான். ஆனால் தோழர்களே, சிக்கனம் என்ற சொல்லை முதலாளிமாருக்கு விட்டுக்கொடுத்துவிடக் கூடாது. நம் வீட்டுப் பெண்களைவிடச் சிக்கனம் அறிந்தவர் யார்?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல் தொடங்கப்பட்டது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய மருந்துகளை மாநிலம் முழுவதற்கும் சேர்த்து, பகிரங்க டெண்டர் விட்டு, தயாரிப்பாளரிடமே அது வாங்குகிறது. நடுவில் ஏஜெண்டுக்கு வேலையில்லை. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் மாதிரி எடுத்து, கம்பெனியின் பெயரை மறைத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். பாவு நூலைத் தொட்டுப் பார்க்காமல் தறியில் ஏற்றும் தோழர் சோமனூரில் உண்டா? அதே காரியம்தான் இது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் எழுதிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். விலையும் இறங்கிற்று, தரமும் நின்றது. கேரளம் 2007லும் ராஜஸ்தான் 2011லும் இதே மாதிரிக் கழகங்களை அமைத்தன. காட்டு வேலைக்குப் போகும் தாய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும் மாத்திரை இந்த வழியில் வருவதே.

இன்னொரு சிக்கனத்தையும் பாருங்கள். கோவையில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955ல் வந்தது. 2019 ஜூலையில் மத்திய சர்க்கார் அதன் சந்தாவை 6.5 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது. மாதம் 16,000 ரூபாய் கூலிக்கு முதலாளி கட்ட வேண்டியிருந்த 760 ரூபாய் 520 ஆயிற்று. தொழிலாளிக்கும் 280 ரூபாய் 120 ஆகக் குறைந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் வைத்தியத்துக்கும் நோய்க்கால உதவிக்கும் சேர வேண்டிய பணத்தில் ஆள் ஒன்றுக்கு மாதம் 400 ரூபாய் போயிற்று. இங்கே எந்த ஏஜெண்டின் கமிஷன் ஒழிந்தது? எந்த மருந்தின் விலை இறங்கிற்று?

நிதி மிஞ்சுகிறது என்றால் டாக்டர்களை நியமிக்கலாம், டிஸ்பென்சரிகள் திறக்கலாம். நமது வட்டாரத்தில் கூலிக்கு நெய்யும் சிறிய விசைத்தறிக் கூடங்களில் பத்துப் பேர்கூட இருப்பதில்லை, ஆகவே இ.எஸ்.ஐ. அவர்களைக் கட்டாயமாகச் சேர்ப்பதில்லை. விவசாயத் தொழிலாளிக்கோ அந்தப் பேச்சே கிடையாது. மிஞ்சிய நிதியில் இவர்களைச் சேர்க்கும் யோசனை டில்லிக்கு ஏன் தோன்றவில்லை?

சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியே வாங்கிக்கொள் என்று சொன்னால், ஜன்னலில் நிற்கும் சிப்பந்தியோடு சண்டை வேண்டாம். சங்கத்தின் பேரில் நாலு பேர் மருத்துவ அதிகாரியிடம் போவோம். பாஸ்புக்கில் இந்த வருஷம் ஒதுக்கிய தொகை எவ்வளவு, இதுவரை எடுத்தது எவ்வளவு என்று எழுத்தில் கேட்போம்.