மந்திரத்தை மாற்றலாமா?

குட்டீஸ்... மேஜையைச் சுற்றி நண்பர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து, “நான் போர்வீரன்”, “நான் மந்திரவாதி” என்று ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக் கொண்டு, பகடை உருட்டி, கதை சொல்லிக் கொண்டே விளையாடும் ஆட்டம் தெரியுமா? அதில் ரொம்பப் பெயர் பெற்றது, “டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்!” அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கிய இந்த ஆட்டம், 1974ல் வெளிவந்தது.

சாகசம் செய்யச் செய்ய, உங்கள் பாத்திரத்துக்கு, “லெவல்” ஏறும். ஒரே தொழிலில் ஏறலாம். கதையை நடத்துபவர் சம்மதித்தால், இரண்டு தொழில்களைக் கலந்தும் ஏறலாம். சண்டை வருவது இங்கே தான்!

உங்கள் பாத்திரம், “சார்சரர்” எனும் பிறவி மந்திரவாதியாக மூன்று லெவல், போர்வீரனாக இரண்டு லெவல் ஏறியிருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பு விதிப்படி, சில்லறை வித்தைகள் நீங்கலாக, அவனுக்குத் தெரிந்த மந்திரங்கள் நான்கே நான்கு. அதில் ஒன்று, உயரத்திலிருந்து விழுபவரை இறகு போல மெல்ல இறக்கும் மந்திரம். ஆனால், கதையில் மலையும் வரவில்லை, கோபுரமும் வரவில்லை. “இது வேண்டாம்... கையிலிருந்து தீ பாயும் மந்திரம் கொடுங்க!” என்று கேட்கத் தோன்றும்.

உடனே கிடைக்காது. சார்சரர் லெவல் ஏறும் போது மட்டும், ஒரே ஒரு மந்திரத்தை மாற்றலாம். அடுத்த லெவலை போர்வீரனுக்குக் கொடுத்தால், மந்திரம் மாறாது. 2024ல் விதிகளைத் திருத்திய போதும், சார்சரருக்கு இது அப்படியே தான் இருக்கிறது.

“இது அநியாயம்!” என்பர் சிலர். எனக்கு நியாயமாகத் தான் படுகிறது. நீச்சல் பழகினால், வீணை வாசிப்பில் உள்ள பிழை திருந்துமா? எந்த வித்தையில் வளர்கிறோமோ, அந்த வித்தையில் தானே திருத்தம் வரும்!

இன்னொன்றும் இருக்கிறது. புத்தகம் படித்து மந்திரவாதி ஆனவனாக உங்கள் நண்பன் ஆடுகிறான். அவன், தன் புத்தகத்தில் உள்ள மந்திரங்களில், எதைத் தயார் செய்வது என்று தினமும் மாற்றிக் கொள்ளலாம். அது அவன் தொழிலின் பலம். நீங்களும் நினைத்த போதெல்லாம் மாற்றினால், அவனுக்கு என்ன பெருமை மிஞ்சும்?

அதற்காக, தவறைத் திருத்த வாய்ப்பே தராமல் இருப்பதும் சரியல்ல. 2000ல் வந்த மூன்றாம் பதிப்பில், சார்சரர் ஒருமுறை மந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால், அவ்வளவு தான்! 2003ல் திருத்திய போது தான், நான்காவது லெவலிலிருந்து, இரண்டு லெவலுக்கு ஒருமுறை ஒன்றை மாற்றலாம் என்றனர். நல்ல திருத்தம்!

புதிதாக ஆடுபவர் இருந்தால், ஆட்டம் துவங்கும் முன்பே எல்லாரும் பேசி, “முதல் நாளுக்குப் பின், ஒரு மந்திரத்தை மாற்றிக் கொள்ளலாம்” என முடிவு செய்யுங்கள். ஆனால், அது எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும். நடுவில், கத்திக் கேட்பவருக்கு மட்டும் விட்டுக் கொடுத்தால், பேசாமல் இருக்கும் நண்பனுக்கு அல்லவா நஷ்டம்?

அதுவரை, அந்த இறகு மந்திரத்தை மட்டமாக நினைக்காதீர்கள். விழுபவர் ஐந்து பேர் வரை காப்பாற்றும்! என்றாவது ஒருநாள், பாலம் இடிந்து உங்கள் கூட்டமே விழும் போது, “நல்லவேளை... மாற்றவில்லை!” என்பீர்கள். சரி தானே, குட்டீஸ்?