கல்லின் வயதும் நம் விசுவாசமும்

பூமிக்கு வயது 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல் என்கிறது அறிவியல் பாடம். இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். எதை நம்புவது? கேட்டால் அதிகப்பிரசங்கி என்பார்களோ என்று அஞ்சி, தேர்வுக்கு ஒரு விடை, கோவிலுக்கு ஒரு விடை என இரண்டை மனத்தில் வைத்துக்கொள்கிறோம். இப்படி அஞ்சத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

கல்லின் வயதை அறிஞர்கள் குருட்டாம்போக்கில் சொல்வதில்லை. உருகிய பாறைக் குழம்பு ஆறி இறுகும்போது அதில் சிர்க்கான் என்னும் நுண்ணிய படிகங்கள் உண்டாகின்றன. அவை உருவாகும்போதே சிறிது யுரேனியத்தை ஏற்றுக்கொள்கின்றன. ஈயத்தைப் பெரும்பாலும் விலக்கிவிடுகின்றன. பின்னர் அந்த யுரேனியம் மாறாத வேகத்தில் சிறிது சிறிதாக ஈயமாகிறது. யுரேனியத்தில் ஒரு வகை பாதியாகக் குறைய ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகளும், மற்றொரு வகைக்கு ஏறத்தாழ 70 கோடி ஆண்டுகளும் ஆகின்றன. ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரங்கள்! இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் அதை நம்பலாம் அல்லவா?

இம்முறையில்தான் கனடாவின் வடமேற்கில் அகாஸ்டா ஆற்றங்கரையிலுள்ள நைஸ் பாறைக்கு ஏறத்தாழ 403 கோடி ஆண்டுகள் என்று 1999இல் கணித்தனர். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த ஒரு சிர்க்கான் படிகத்துக்கு 440 கோடி ஆண்டுகள் என்று 2001இல் அறிவித்தனர். ஆனால் அப்படிகம் பதிந்திருந்த பாறை அதைவிட மிகவும் இளையது. தாய்ப்பாறை தேய்ந்து அழிந்துபோக, படிகம் மட்டும் எஞ்சியது.

கருத்து வேறுபாடும் உண்டு. கனடாவின் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள நுவ்வாகிட்டுக் பாறைகளுக்கு 428 கோடி ஆண்டுகள் என்று 2008இல் சிலர் கூறினர். வயதைச் சோதிக்க ஏற்ற சிர்க்கான் அவற்றில் இல்லாததால் வேறு முறையில் கணித்திருந்தனர். பலர் அதை ஏற்கவில்லை. 2025இல் வெளியான ஆய்வு, அங்குள்ள சில பாறைகளுக்கு 416 கோடி ஆண்டுகள் என்கிறது. தாம் சொன்னதையே மீண்டும் மீண்டும் சோதிக்கும் இந்தப் பணிவு, அறிவியலின் குறையன்று, அதன் அணிகலன்.

இதற்குத் திருச்சபை பகையா? பாறை அடுக்குகளில் அடியில் இருப்பதே மூத்தது என்னும் விதியை 1669இல் வெளியிட்டவர் நிக்கோலாஸ் ஸ்டெனோ. 1667இல் கத்தோலிக்கரான அவர் 1677இல் ஆயரானார். 1988இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார். திருத்தந்தை 12ஆம் பத்திநாதரும், கதிரியக்கத்தால் கணிக்கப்பட்ட பாறைகளின் வயதை 1951இல் அறிஞர்கள் முன் ஆற்றிய உரையில் மதிப்போடு எடுத்துரைத்தார்.

படைத்தவர் யார், எதற்காகப் படைத்தார் என்பதைத் தொடக்கநூல் கற்பிக்கிறது. எத்தனை ஆண்டுகளுக்கு முன் என்பதைக் கல் சொல்கிறது. மறைநூலைத் தந்தவரும் கல்லைப் படைத்தவரும் ஒருவரே என்றால், உண்மை உண்மையோடு எப்படி மோதும்?

ஆகவே தோழியரே, ஐயம் எழுந்தால் தயங்காமல் கேளுங்கள். பெற்றோரே, கேட்கும் மகளை அடக்காதீர்கள். நிலவியல் படிக்க அவள் விரும்பினால், வெயிலில் மலையேறும் படிப்பு பெண்ணுக்கு எதற்கு என்று தடுக்காதீர்கள். இறைவனின் கைவேலையை ஆராய்வதும் அவரைப் போற்றுவதே ஆகும்.