சாவி யார் கையில்?

வானொலியில் ஐந்து விநாடி மௌனம் என்றாலே எங்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஒலிபரப்புக்குப் பின்னால் ஓடும் செர்வர் படுத்துவிட்டால், நேயர்களுக்கு முன்பே எங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் கண்காணிப்பு மென்பொருள். வன்தட்டு நிறைகிறதா, நினைவகம் திணறுகிறதா என்று இடைவிடாமல் பார்த்து, கைப்பேசிக்குத் தகவல் அனுப்பிவிடும். தொலைநிர்வாக வசதியும் இருந்தால், பொறியாளர் வீட்டிலிருந்தபடியே சரிசெய்துவிடுவார்.

வசதிதான். ஆனால், எல்லாக் கதவுகளையும் திறக்கும் சாவியும் அதுவே. 2021 ஜூலையில், கசேயா நிறுவனத்தின் தொலைநிர்வாக மென்பொருளில் இருந்த ஓட்டை வழியே பணம் பறிக்கும் கும்பல் புகுந்தது. சுவீடனில் கூப் பேரங்காடியின் கல்லாப்பெட்டிகள் முடங்க, நூற்றுக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. ஆபத்து வந்தது வெளிச் சேவை நிறுவனம் வழியாக!

உங்கள் கடையிலோ அலுவலகத்திலோ இதை நிறுவினால், கடவுச்சொல்லோடு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் வையுங்கள். புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள். காப்பு நகல் ஒன்று இந்த மென்பொருள் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

பராமரிப்பை வெளியாரிடம் விட்டிருக்கிறீர்களா? "அண்ணே, எங்கள் கணினிக்குள் யார் யார் நுழைய முடியும்?" என்று கேளுங்கள். பெயர் பெயராகச் சொல்லத் தெரியாதவரிடம் சாவியை விட்டுவைக்காதீர்கள்.