கட்சி இல்லாத தேர்தலில் சாதி நிற்கும்

2025 ஜூன் 1 அன்று மெக்சிகோ மக்கள் வாக்களித்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்சிகள் பிரச்சாரம் செய்யக் கூடாது என்பது விதி. உச்ச நீதிமன்றத்துக்கு அதிக வாக்கு பெற்றவர் ஊகோ அகிலார், மிஷ்டெக் பழங்குடி வழக்கறிஞர். செப்டம்பரில் அவரே தலைமை நீதிபதியானார். "அக்கா, நாமும் இதைக் கேட்டால் என்ன?" என்றார் எங்கள் வாசிப்பு வட்டத்துத் தம்பி ஒருவர்.

அந்தக் கேள்விக்குள் இருக்கும் கோபம் நியாயமானது. 1950இல் தொடங்கிய இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு முதல் தலித் நீதிபதி ஏ. வரதராஜன் வந்தது 1980இல். தலித் தலைமை நீதிபதிகள் இதுவரை இருவர்தான்: கே.ஜி. பாலகிருஷ்ணன், பி.ஆர். கவாய். உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் இடஒதுக்கீடு இல்லை. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் 1993 முதல் நடக்கிறது.

ஆனாலும் என் பதில்: தேர்தல் வேண்டாம்.

மெக்சிகோவிலேயே வாக்களித்தவர்கள் சுமார் 13 சதவீதம்தான். யாருக்குப் போட வேண்டும் என்று அச்சடித்த துண்டுச்சீட்டுகள் பல இடங்களில் கைமாறின. முன்வாசலில் தடுத்த அரசியல் பின்வாசலில் வந்தது. நம் ஊரில் அந்த வழியாக வரப்போவது சாதி.

இது ஊகமல்ல. தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் தேர்தலுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. சாதி ஒழிந்துவிட்டதா? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவியில் அவர்களை அமரவிடாமல் 1996 முதல் 2006 வரை தடுத்தார்கள். மேலவளவில் வென்ற முருகேசனை, உடனிருந்தவர்களோடு சேர்த்து 1997இல் வெட்டிக் கொன்றார்கள். கட்சி விலகிய இடத்தில் சாதியே கட்சியானது.

இனி ஒரு வன்கொடுமை வழக்கை யோசியுங்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் சாதிதான் அந்தத் தொகுதியில் பெரும்பான்மை. அடுத்த ஆண்டு நீதிபதிக்குத் தேர்தல். தீர்ப்பு எழுதும் கை யாரை நினைக்கும்? பெரும்பான்மை கைவிட்டவர் கடைசியாகப் போய் நிற்கும் இடம் நீதிமன்றம். அதையும் பெரும்பான்மையின் கையில் கொடுத்துவிட்டு நாம் எங்கே போவது?

அதற்காகக் கொலீஜியத்தின் மூடிய கதவுக்குக் காவல் நிற்கச் சொல்லவில்லை. யாரைப் பரிசீலித்தார்கள், யாரை ஏன் ஒதுக்கினார்கள் என்பது வெளியே வர வேண்டும். உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் இடஒதுக்கீடு வேண்டும். தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதிகள் தேர்வில் இடஒதுக்கீடு இருக்கிறது. அதனால் நீதி செத்துவிடவில்லை. அங்கே முடிவது மேலே மட்டும் ஏன் முடியாது?

தம்பி, நம் முழக்கம் வாக்குப்பெட்டி அல்ல, பிரதிநிதித்துவம்.