பொத்தானை அழுத்துமுன்



பெரிய கிடங்குகளிலும், தொழிற்சாலைகளிலும், பல நாடுகளின் மருத்துவமனைகளிலும் பணியாளர்கள் கையில் ஒரு தடித்த கருவியைக் காணலாம். பார்ப்பதற்கு முரட்டுத்தனமான டெலிபோன் போல இருக்கும். அதன் முனையை ஒரு பெட்டியின் மேலுள்ள கறுப்பு வெள்ளைக் கோடுகளை நோக்கி நீட்டிப் பொத்தானை அழுத்துகிறார்கள். 'பீப்' என்று ஓர் ஒலி எழுகிறது. பெட்டியில் இருப்பது இன்னதென்று திரையில் தெரிந்துவிடுகிறது. இதுவே பார்கோடு படிக்கும் கையடக்கக் கணிப்பொறி.

"இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? பொத்தானை அழுத்த யாருக்குத்தான் தெரியாது?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கருவியின் வேலையில் பாதி, பொத்தானை அழுத்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது என்பது என் கருத்து. அதை இன்ன வேலைக்கு, இன்ன இடத்துக்கு என்று பொருத்தமாக அமைப்பதுதான் அந்தப் பாதி. அதைச் சரியாகச் செய்யாவிட்டால் நல்ல கருவியும் வீணாகும். சில இடங்களில் ஆபத்தும் விளையும். எப்படி என்று பார்ப்போம்.

கோடுகளைக் காணும் கண்

ஒளி வெள்ளைத் தாளில் பட்டால் பெரும்பகுதி திரும்பி வரும். கறுப்பு மையில் பட்டால் உறிஞ்சப்பட்டுவிடும். பார்கோடு படிப்பதன் அடிப்படை இவ்வளவுதான். லேசர் வகைக் கருவியில் ஒரு சிறு கண்ணாடி விரைவாக அசைந்து, சிவப்பு ஒளிப் புள்ளியைக் கோடுகளுக்குக் குறுக்கே ஓட்டுகிறது. திரும்பி வரும் ஒளி கூடுவதையும் குறைவதையும் ஓர் ஒளியுணர்வி மின்சாரமாக மாற்றுகிறது. எந்தக் கோடு அகலம், எந்தக் கோடு குறுகல் என்று கணிப்பொறி அளந்து, எண்களாகப் பெயர்த்துக்கொள்கிறது. புதிய வகைக் கருவிகள் காமிராவைப் போலப் படமெடுத்து இதே வேலையைச் செய்கின்றன.

இங்கே ஒரு வேடிக்கை. சிவப்பு ஒளியில் சிவப்பு மையும் வெள்ளைத் தாளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பிரகாசமாகத் தெரியும். ஆகவே வெள்ளைத் தாளில் சிவப்புக் கோடுகளாக அச்சிட்ட பார்கோடு நம் கண்ணுக்கு அழகாக இருக்கலாம். லேசர் கருவிக்கோ அது வெற்றுத் தாள்!

இந்தக் கருவி தூசியிலும் மழையிலும் உழைக்க வேண்டும்; கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தாலும் உடையக் கூடாது. எனவே எத்தனை தாங்கும் என்பதைச் சோதித்துக் குறிப்பிடுகிறார்கள். 'ஐ.பி.67' என்று ஒரு கருவியில் எழுதியிருந்தால், முதல் இலக்கமான 6 தூசி உள்ளே புகாது என்பதையும், அடுத்த இலக்கமான 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது என்பதையும் காட்டும். இது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல்.

'பீப்' ஒலி எதை உறுதி செய்கிறது?

வீட்டிலுள்ள ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். கோடுகளுக்குக் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். இந்திய நிறுவனங்கள் வாங்கியுள்ள எண்கள் 890 என்று தொடங்கும். விலையோ, பொருளின் பெயரோ அந்தக் கோடுகளில் இல்லை. அவை கடையின் கணிப்பொறியில் இருக்கின்றன. கோடுகள் தருவது எண்ணை மட்டுமே.

அந்த 13 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். 890123456789 என்று ஒரு மாதிரி எண்ணை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து 1, 3, 5, 7, 9, 11-ஆம் இடங்களில் உள்ள இலக்கங்களைக் கூட்டினால் 28 வரும். 2, 4, 6, 8, 10, 12-ஆம் இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 34. அதை 3 ஆல் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. இதை அடுத்த பத்தின் மடங்காக்க எவ்வளவு வேண்டும்? ஏற்கெனவே பத்தின் மடங்காக இருப்பதால் எதுவும் வேண்டாம். எனவே காவல் இலக்கம் 0; முழு எண் 8901234567890. இதில் எந்த ஓர் இலக்கத்தைத் தவறாகப் படித்தாலும் கணக்கு இடிக்கும், கருவி ஏற்றுக்கொள்ளாது.

ஆனால் காவல்காரனுக்கும் கண் அயரும் நேரம் உண்டு. லேபிள் கிழிந்துவிட்டது, பணியாளர் எண்ணைக் கையால் தட்டுகிறார், அடுத்தடுத்த 2, 7 என்பதை 7, 2 என்று மாற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்னதன் பங்கு 2 + 21 = 23; பின்னதன் பங்கு 7 + 6 = 13. வேறுபாடு சரியாகப் பத்து! கணக்கு இடிக்கவில்லை; தவறு நழுவிவிடுகிறது. அடுத்தடுத்த இரு இலக்கங்களின் வேறுபாடு 5 ஆக இருந்தால் எப்போதும் இப்படித்தான் ஆகும். தாளும் பென்சிலும் எடுத்து நீங்களே சரிபாருங்கள்.

ஆகவே 'பீப்' ஒலி சொல்வது, "விதிப்படி ஓர் எண் கிடைத்தது" என்பது மட்டுமே. அது சரியான பொருளா, வரவேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறதா என்பதெல்லாம் வேறு கேள்விகள்.

அமைக்கும் கலை

புதிய கருவி ஒன்று வந்திறங்கியதும் செய்யவேண்டியவை பல. பாட்டரிக்கு முழுமையாக மின்னேற்ற வேண்டும். கடிகாரத்தைச் சரிசெய்ய வேண்டும். இல்லையேல் எந்தப் பெட்டி எப்போது வந்தது என்ற பதிவே பொய்யாகிவிடும். கம்பியில்லா இணைப்பு கட்டடத்தின் எல்லா மூலைகளிலும் எட்டுகிறதா என்று நடந்து பார்க்க வேண்டும்.

அடுத்து, எந்த வகைப் பார்கோடுகளைப் படிக்கவேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். பார்கோட்டில் பல வகைகள் உள்ளன. எல்லாவற்றையும் படிக்கும்படி விட்டுவிடுவது சுலபம், ஆனால் நல்லதன்று. ஓர் உதாரணம் சொல்கிறேன். பெரிய அட்டைப் பெட்டிகளின் மேல், இலக்கங்களை இரண்டிரண்டாகப் பின்னி எழுதும் 'இன்டர்லீவ்டு 2 ஆஃப் 5' என்ற வகைப் பார்கோட்டில் 14 இலக்க எண்ணை அச்சிடுவதுண்டு. இவ்வகையின் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் மிக எளியவை. ஒளிக்கோடு சாய்வாக விழுந்து மேல் விளிம்பு வழியே வெளியேறிவிட்டால், நடுவிலுள்ள கோடுகளையே முடிவுக் குறி என்று கருவி நினைத்துவிடக்கூடும். 14 இலக்கங்களுக்குப் பதிலாக ஆறோ எட்டோ கிடைக்கும். 'பீப்' ஒலி மட்டும் மாறாது!

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு. பார்கோட்டின் மேலும் கீழும் தடித்த கறுப்புப் பட்டை அச்சிடுவது ஒன்று. "இவ்வகையில் 14 இலக்கம் இருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்" என்று கருவிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது மற்றொன்று. இரண்டாவது பரிகாரம் முழுக்க முழுக்க அமைப்பவர் கையில் இருக்கிறது.

படித்த எண் எங்கே போகவேண்டும் என்பதும் முக்கியம். பல கருவிகள், யாரோ விசைப்பலகையில் தட்டியது போல எண்ணைத் திரையில் இட்டு, கடைசியில் 'என்டர்' விசையையும் தாங்களே அழுத்திவிடும். திரையில் கட்டம் மாறியிருந்தால் பொருளின் எண் அளவுக்குரிய கட்டத்தில் போய் விழும். அதேபோல, அமெரிக்கப் பொருள்களின் 12 இலக்க எண்ணை முன்னால் ஒரு 0 சேர்த்து 13 இலக்கமாகவும் அனுப்பலாம். ஒரு கருவி 12 இலக்கமாகவும் இன்னொன்று 13 இலக்கமாகவும் அனுப்பினால், ஒரே பொருள் கணக்கில் இரண்டாகிவிடும்.

ஆகவே எல்லாக் கருவிகளும் ஒரேபோல அமைந்திருக்க வேண்டும். இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். அமைப்புக் கட்டளைகளையே பார்கோடுகளாக அச்சிட்டு ஒரு தாளில் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு கருவியாலும் அந்தத் தாளைப் படிக்கச் செய்தால் போதும்; நூறு கருவிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல ஆகிவிடும். வேலை முடிந்ததும் அந்த வாசலைப் பூட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாராவது தெரியாமல் அந்தத் தாளின் பக்கம் கருவியை நீட்டி, எல்லாவற்றையும் மாற்றிவிடுவார்கள்.

ஒரு நர்சின் யோசனை

இத்தனை கவலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாறு சொல்லவேண்டும்.

அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் டோபீகா நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் சூ கின்னிக் என்ற நர்ஸ் பணியாற்றினார். 1992-ஆம் ஆண்டில் அவர் வாடகைக் காரைத் திருப்பித் தந்தபோது, ஊழியர் ஒருவர் கையடக்கக் கருவியால் காரின் பார்கோட்டைப் படித்துக் கணக்கை முடித்ததைக் கண்டார். காருக்குச் செய்வதை மருந்துக்கும் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையை ஒரு முறை, மருந்தை ஒரு முறை படித்தால், இந்த மருந்து இவருக்கு, இந்த நேரத்தில் உரியதுதானா என்று கணிப்பொறி சொல்லிவிடும் அல்லவா? அந்த யோசனையிலிருந்து பிறந்த முறை பின்னர் அந்தத் துறையின் மற்ற மருத்துவமனைகளுக்கும் பரவியது.

பலன் உண்டா? பாஸ்டன் நகரின் பிரிகாம் மகளிர் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியாயிற்று. மருந்து கொடுப்பதில், நேரம் தவறுவது நீங்கலாக, ஏற்பட்ட பிழைகள் இம்முறையால் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 சதவீதமாகக் குறைந்தன. அப்பிழைகளில் நோயாளிக்குத் தீங்கு விளைக்கக்கூடியவை 3.1 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாக, ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ராஸ் காப்பல் என்பவரும் அவருடைய குழுவினரும் மருத்துவமனைகளில் இக்கருவிகள் உண்மையில் எப்படிப் பயன்படுகின்றன என்று கவனித்தார்கள். கருவியைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழிகள் 15 வகை இருந்தன. சிலர் நோயாளியின் பார்கோட்டுக்குப் பிரதி எடுத்து வண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டிவைத்து, படுக்கைக்குப் போகாமலே அதைப் படித்தார்கள். 'பீப்' ஒலி கேட்டது. ஆனால் நோயாளி யார் என்று எவரும் சோதிக்கவில்லை!

தவறு யாருடையது?

"ஊழியர்களின் அலட்சியம், கண்டிப்பாக நடத்தினால் சரியாகிவிடும்" என்பார்கள் சிலர். விதியை மீறுவது ஆபத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஆய்வாளர்கள் மீறலுக்கான காரணங்களையும் பட்டியலிட்டார்கள், 31 காரணங்கள். கசங்கிய, நனைந்த, கிழிந்த லேபிள்கள். படிக்கமுடியாத மணிக்கட்டுப் பட்டைகள். நடுவில் தீர்ந்துபோகும் பாட்டரிகள். அறுந்து அறுந்து வரும் கம்பியில்லா இணைப்பு. பார்கோடே இல்லாத மருந்துகள் முதலியவை. இவற்றில் எத்தனை நர்சின் அலட்சியம்? மருந்துக்காகக் காத்திருக்கும் நோயாளி ஒரு பக்கம், படிக்க மறுக்கும் கருவி இன்னொரு பக்கம். மனிதர் எந்தப் பக்கம் சாய்வார்?

எனவே கண்டிப்பைவிட அமைப்பையே நான் முதலில் வைப்பேன். மேசையில் உட்கார்ந்து, புத்தம்புது லேபிளைப் படித்துப் பார்த்துவிட்டு, "கருவி தயார்" என்று சொல்வது போதாது. கசங்கிய லேபிளோடு, இரவு விளக்கொளியில், கையுறை அணிந்த கையால், வேலை நேரத்தின் கடைசி மணியில் சோதிக்க வேண்டும். அதை நாள்தோறும் பயன்படுத்தப்போகிறவரை அருகில் நிறுத்திக்கொண்டு, அவர் சொல்வதைக் கேட்டே அமைக்க வேண்டும். சரியாக அமையாத கருவி, தன்னை ஏமாற்றும் வித்தையைத் தானே மனிதருக்குக் கற்றுக்கொடுத்துவிடும்.

இது தொலைதூர நாட்டுக் கதை என்று எண்ணவேண்டாம். நம் நாட்டிலும் 2023 ஆகஸ்ட் 1 முதல் தயாராகும் 300 மருந்துப் பெயர்களின் பொதிகளில் பார்கோடோ கியூஆர் கோடோ இருக்கவேண்டும் என்பது சட்டம். தயாரித்த நாள், காலாவதியாகும் நாள் ஆகியவை அதில் அடங்கும். அவற்றைப் படிக்கும் கருவிகளை நாளை அமைக்கப்போகிறவர்கள் உங்களில் பலராக இருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது

இதற்குப் பயிற்சி பெற விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வீட்டிலுள்ள பத்துப் பொருள்களின் காவல் இலக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 978 என்று தொடங்கும் எண்ணுள்ள புத்தகங்களிலும் இதே கணக்குத்தான். பிறகு ஒரு செல்போனைக் கொண்டு, கசக்கிய, நனைத்த, பாதி மறைத்த பார்கோடுகளைப் படித்துப் பாருங்கள். எந்த நிலையில் படிக்க மறுக்கிறது என்று குறித்துவையுங்கள்.

பள்ளி நூலகத்துக்கு ஒரு பார்கோடு முறை அமைப்பதானால் எப்படிச் செய்வீர்கள் என்று நண்பர்களோடு கூடித் திட்டமிடுங்கள். லேபிளை அட்டையின் வெளியே ஒட்டுவதா, உள்ளே ஒட்டுவதா? ஒட்டிய லேபிள் கிழிந்தால் என்ன செய்வது? இக்கேள்விகளை முதலில் நூலகரிடம் போய்க் கேளுங்கள். புத்தகங்களை நாள்தோறும் கையால் எடுத்து வைப்பவர் அவர்தானே!