மொழி படிப்போம்: பசி "இருக்கிறது", களைப்பாய் "இருக்கிறேன்"



பிரான்சிலுள்ள கணவரிடமோ பிள்ளைகளிடமோ போகக் காத்திருப்பவர்களுக்காக இம்மாதம் சில பிரெஞ்சு வினைகளைப் பார்ப்போம். அங்கு புகலிடக் கோரிக்கையை விசாரிக்கும் ஒஃப்ரா அலுவலகம் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும். கடையிலும் பிள்ளையின் பள்ளிக்கூட வாசலிலும் நாமேதான் பேச வேண்டும். எல்லாவற்றுக்கும் கணவரையோ பிள்ளையையோ கூட்டிச் செல்ல முடியாது.

பிரெஞ்சுக்கு அத்திவாரம் இரண்டு வினைகள். "ஜெ சுயீ" என்றால் ஆங்கிலத்தில் "ஐ ஆம்". "ஜே" என்றால் "ஐ ஹேவ்". இரண்டிலும் ஜகரத்தை மென்மையாக உச்சரியுங்கள்.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள்தான் இங்கே தடுமாறுவார்கள். பசியை ஆங்கிலத்தில் "ஐ ஆம் ஹங்றி" என்கிறோம். பிரெஞ்சிலோ பசி, தாகம், பயம், நோ, வயது எல்லாவற்றுக்கும் "ஜே" வரும். "எனக்குப் பசி இருக்கிறது" என்ற நம் தமிழை நினைத்துக்கொண்டால் பிழை வராது.

ஜே ஃபேன் – ஐ ஆம் ஹங்றி – எனக்குப் பசிக்கிறது.
ஜே சுவாஃப் – ஐ ஆம் தேர்ஸ்ற்றி – தாகமாயிருக்கிறது.
ஜே மல் ஆ லா தெத் – ஐ ஹேவ் எ ஹெட்ஏக் – தலையிடிக்கிறது.
ஜே பெர் – ஐ ஆம் அஃப்றெய்ட் – பயமாயிருக்கிறது.
ஜே ஷோ – ஐ ஆம் ஹொட் – எனக்கு வெக்கையாயிருக்கிறது.

கடைசி வசனத்தில் கவனம் தேவை. "ஜே" என்பதற்குப் பதிலாக "ஜெ சுயீ" போட்டால் தகாத பொருள் வந்துவிடும்.

"ஜெ சுயீ" வரும் இடங்களும் உண்டு. "ஜெ சுயீ ஃபத்திகே" என்றால் களைப்பாயிருக்கிறேன். "ஜெ சுயீ ஆன்சேன்த்" என்றால் கர்ப்பமாயிருக்கிறேன். மருந்து எழுதும் வைத்தியரிடம் இதை முதலிலேயே சொல்லுங்கள்.

இன்னொரு வசனம்: "ஜெ நெ கொம்ப்ரான் பா". ஆங்கிலத்தில் "ஐ டோன்ற் அண்டர்ஸ்ராண்ட்", எனக்கு விளங்கவில்லை. விளங்காத தாளில் கையெழுத்துக் கேட்டால் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

"ஜே பெர்" என்பதையும் மனப்பாடம் செய்யுங்கள். பிரான்சில் வீட்டில் அடி உதைக்கு ஆளாகும் பெண்கள் ஆலோசனை பெற 3919 என்ற இலவச இலக்கம் இருக்கிறது. உடனடி ஆபத்தென்றால் பொலிசுக்கு 17, அம்புலன்ஸுக்கு 15.

பயிற்சி: நாளொன்றுக்கு ஒரு வசனத்தைச் சமைக்கும்போது பத்துத் தடவை உரத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் சிரித்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.