வேதியியல் அறிஞரின் தமிழ்க்கொடை

தமிழ்த்தொண்டு தமிழ் படித்தோர்க்கே உரியது என்று கருதுவோர் இன்றும் நம்மிடையே உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதற்கு முனைவர் கல்யாணசுந்தரம் அவர்களின் பணியே சான்று.

அவர் சுவிட்சர்லாந்து நாட்டின் லொசான் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் ஒளிவேதியியல் ஆய்வு செய்தவர். கதிரவன் ஒளியைச் சாயப்பொருளின் துணையால் மின்னாற்றலாக்கும் துறையில் பெயர் பெற்றவர். அத்தகையவர் 1990களில் 'மயிலை' என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கி, எவரும் விலையின்றிப் பயன்படுத்தத் தந்தார். மயிலாப்பூரை நினைவூட்டும் அப்பெயர், கடல்கடந்த தமிழர் பலரின் கணிப்பொறிகளில் குடிபுகுந்தது.

அந்நாளில் நிறுவனத்துக்கு ஒரு குறிமுறை வழங்கியது. ஓரிடத்தில் தட்டச்சு செய்த தமிழ், மற்றோரிடத்தில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. இந்நிலையில் 1998 பொங்கல் நாளில் அவர் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலரின் உழைப்பால் பழந்தமிழ் நூல்களை மின்னுருவாக்கியது. பழைய குறிமுறையில் ஏறிய நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. எவர்க்கும் திறந்திருந்தமையாலேயே அவை காலமாற்றத்தைக் கடந்து நின்றன. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அங்கு இடம்பெற்றுள்ளது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

ஆயினும், அம்மகிழ்ச்சியோடு நாம் அமைந்துவிடல் தகுமா? கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என நம் முன்னோர் வளர்த்த இலக்கிய வகைகள் பல. அவற்றுள் எத்தனையோ நூல்கள் பழைய இல்லங்களின் அலமாரிகளில் செல்லரித்துக் கிடக்கின்றன. அரபுத்தமிழ் ஏடுகளைப் படிக்க வல்ல பெரியோரோ அருகி வருகின்றனர்.

ஈக்காட்டுத்தாங்கலின் மென்பொருள் நிறுவனங்களை நோக்கி நாள்தோறும் விரையும் இளைஞருள் நம் கல்லூரிகளில் பயின்றோரும் உளர். பிழைப்புக்குக் கற்ற கலையில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தையேனும் அவர்கள் இப்பணிக்கு ஈயலாகாதா? கணிப்பொறித்துறை மாணவர் எழுத்துருவும் தேடுகருவியும் ஆக்கி, அவற்றின் மூலநிரலையும் பிறர்க்குத் திறந்து வைக்கலாம். தமிழ்த்துறை மாணவர் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்க்கலாம். பெரியோர் தம்மிடமுள்ள ஏடுகளை மனமுவந்து தரலாம்.

பயனுள்ள கல்வியை விட்டுச் செல்வோர்க்கு, மறைந்த பின்னும் நன்மை தொடரும் என்பது நம் மார்க்கம் காட்டும் நெறி. கிணறு வெட்டுவதும் பள்ளிவாசல் கட்டுவதும் போலவே, பூட்டப்படாத நூலும் மென்பொருளும் நிலையான தருமமே. ஆய்வுக்கூடத்துப் பணிக்கிடையே ஒருவர் இத்தனை செய்திருக்க, ஒரு சமுதாயம் கூடி நின்றால் ஆகாதது யாது? எல்லாம் வல்ல இறைவன் துணை புரிவானாக!